வெந்நீர் பட்ட கம்பளம்

என்ன? சத்தமாப் பேசுங்க மாப்ளே, இந்தத் தண்ணி உறுமுற உறுமல்ல ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது. பாலம் தாண்டும்போதே கேட்டிருக்குமே, உள்ள யாரையோ போட்டு மிதிக்கிற மாதிரி. வாங்க, உள்ள வாங்க. பலகை வழுக்கும், பாத்து.

தொட்டியவா பாக்கறீங்க? பாருங்க, நல்லாப் பாருங்க. வெள்ளையாச் சுத்துது. காலைல கம்பளத்தக் கயித்தால கட்டி வாசல்ல போட்டுட்டு, கட்டைப் பிரிக்காம அப்படியே உள்ள தள்ளிருங்க அத்தைன்னு சொல்லிட்டு ஓடினீங்களே, எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கம்பளம் வெளுக்கிற வீட்ல பொண்ணெடுத்து ஆறேழு வருசமாச்சு. கட்டோட போட்டா கம்பளி எப்படி விரியும்னு கூடத் தெரியலையே உங்களுக்கு.

எம்பொண்ணு அஸ்பாசியா வரலையா? ம்... காய்ச்சலா. இந்தக் கோடையில காய்ச்சலு. சரி, படுத்திருக்கட்டும்.

சிப்புரோ ஊத்தட்டுமா? ஒரு கிளாஸ்? வேண்டாமா! அதிசயமா இருக்கே. குடின்னா வேண்டாம்னு உங்க வாயில வந்து நான் கேட்டதே இல்ல.

இது மலைத்தண்ணி மாப்ளே. சோப்பு கீப்பு ஒண்ணும் கிடையாது, அடி மட்டும்தான். மேலேர்ந்து விழுந்து ராப்பகலா அடிக்கும். அடிக்க அடிக்க முறுக்கெல்லாம் அவுந்து, ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி புசுபுசுன்னு வந்துரும். கல்யாணத்தன்னிக்கு நீங்க சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? உங்க பொண்ணையும் ஒரு வாரம் இந்தத் தொட்டில போட்டு எடுத்துக் குடுங்க அத்தை, கொஞ்சம் மெதுவா வரட்டும்னு. மேஜை குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்க ஆம்பளைங்க. நானுந்தான் சிரிச்சேன், பாலாடைக்கட்டித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு.

அந்தப் பக்கம் போகாதீங்க. போன வாரம் என் மகன் ஸ்தேர்யோவோட நாய் அங்கதான் வழுக்கி உள்ள விழுந்துச்சு. ஓநாயைக் கழுத்தைக் கடிச்சுக் கொன்ன நாய் அது. கம்பை விட்டு இழுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. தூக்கினா, காலு நாலும் நாலு பக்கம் தொங்குது. உள்ள ஒரு எலும்பு முழுசா இல்ல. மயிரு மட்டும் அப்படி ஒரு சுத்தம்.

ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? சும்மா சொன்னேன்.

உங்க வீட்டுக் கம்பளம் நான் நெய்ஞ்சது. அவளுக்குச் சீதனமாக் குடுத்தது. திரிக்கலா டவுன் வீட்டு ஹால்ல, கணப்புக்கு முன்னாடி விரிச்சு, பக்கத்துல கண்ணாடி மேஜை போட்டிருக்கீங்களாம். வர்றவங்க எல்லாம் செருப்பைக் கழட்டிட்டுக் காலைப் புதைச்சுப் பாப்பாங்களாம். பத்திரிகைல வர்ற வீடு மாதிரி இருக்குன்னு உங்க மேனேஜர் பொண்டாட்டி சொன்னாளாம். அஸ்பா போன்ல சொல்லிச் சிரிச்சா. வர்றவங்க காலைப் பத்தி எல்லாம் சொன்னா. அவ முதுகைப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்ல.

பிரிச்சேனாவா? பிரிக்காம? ஒயின் கொட்டிருச்சுன்னீங்க. ஒயினு எத்தனை வெளுத்திருக்கேன் நானு, தள்ளி நின்னாலே வாடை வரும். இது அடிவரைக்கும் இறங்கி, பின்பக்கத்து நூலு தடிச்சுக் கிடக்கு. நடுவுல கம்பளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, செருப்புத் தோலு மாதிரி ஆயிருச்சு. அது வெந்நீர் ஊத்தினா வர்றது. பச்சத் தண்ணியில அலசியிருந்தா ரத்தம் பேசாமப் போயிருக்கும் மாப்ளே. நீங்க கொதிக்கக் கொதிக்க ஊத்தினீங்க, வெந்து பிடிச்சுக்கிச்சு. மயிரை விலக்கி விலக்கித் தடவினேன். விரல்ல என்னமோ குத்துச்சு.

பல்லு. கடவாப்பல்லு.

எரிச்சிருக்கலாம்தான். ஆனா கம்பளி எரிஞ்சா தெருவே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்து எட்டிப் பாக்கும். குப்பைல போட்டா எவளாவது எடுத்து விரிச்சுப் பாப்பா. அப்பத்தான் இந்தக் கிழவி ஞாபகம் வந்திருக்கு. காது மந்தம், கண்ணு மங்கலு, வாங்கித் தொட்டில தள்ளிருவான்னு. அப்படியே அவ இங்க ஓடி வந்திருக்காளான்னும் ஒரு எட்டு பாத்துக்கலாம். இல்ல?

உக்காரு. உக்காருடா லாம்ப்ரோ! கம்பு என் கையில இருக்கு. நீ தொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல நிக்கற. யோசிச்சு நகரு.

வீட்ல காய்ச்சலாவா படுத்திருக்கா? லாரிசா டவுன் ஆஸ்பத்திரில கிடக்கா. நீ குடிக்கப் போன நேரம் பாத்து பக்கத்து வீட்டுக்காரி வண்டில ஏத்தியிருக்கா. உங்க ஊரு ஆஸ்பத்திரின்னா நீ வந்துருவேன்னு அங்க கொண்டு போயிருக்கா. நேத்துப் போய்ப் பாத்தேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, வாயைத் தொறக்க முடியாது. கையாலயான்னு கேட்டேன், அசையல. கணப்புக் கிளறுற இரும்பாலயான்னேன். கண்ணை மூடித் தொறந்தா. பெத்தவ எனக்கு அது போதும். கோர்ட்டுக்குப் போதுமா? படில உருண்டுட்டான்னு நீ சொல்லுவ. தங்கமான பையன்னு உன் மேனேஜர் வந்து சொல்லுவான். பேச முடியாதவளுக்காகப் பேச என்ன இருக்குன்னு வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தேன். விடிஞ்சா நீயே கொண்டாந்து வாசல்ல போடற!

ஸ்தேர்யோ கிடா அறுக்கிற கத்தியைத் தீட்டி வச்சிருக்கான். கத்தி வேண்டாம்மா, தொட்டில தள்ளிட்டு மதகை முழுசாத் தொறந்து விட்டுரலாம்னும் சொன்னான். எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினா உன் எலும்பு நொறுங்குற சத்தம் இனிக்க இனிக்கக் கேக்குது. ஆனா ஸ்தேர்யோ ஜெயிலுக்குப் போயிட்டா அவளை யாரு தூக்கி உக்கார வைப்பா? எனக்கு இடுப்பு போச்சு.

இன்னும் ஏன் தொட்டியவே பாக்கற? எல்லாம் கரைஞ்சிருச்சுன்னா? அட, அது பாதிரியார் பொண்டாட்டியோட கம்பளம்யா. சுத்தும்போது எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். உன்னோடதுக்கு நான் தண்ணியவே காட்டல. மத்தியானமே போலீஸ்காரரு வந்து, பல்லோட, பையில போட்டுக் கட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு. இன்னும் ரெண்டு போலீஸ்காரங்க மேல, என் அடுப்படில காபி குடிச்சிட்டு இருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டு அனுப்புறேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.

போ. படி அந்தப் பக்கம். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறு, விழுந்து கிழுந்து வைக்காத. அப்புறம் நாங்க தள்ளிட்டோம்பாங்க.

கொஞ்சம் ஒதுங்கிப் போ, காலு பக்கத்துல கம்பு வருது. ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டுக் கிடக்கு, புரட்டி விடணும். நாளைக்குக் காயப் போடலேன்னா அந்தம்மா என்னையத் திட்டித் தீத்துரும்.