தங்கைக்கு மாட்டிய சலைன்

நரம்பு கிடைக்காத கை என்று ஒன்று கிடையாது, ஐயா. பொறுமை இல்லாத நர்ஸ்தான் உண்டு. எங்கள் வார்டில் கைக்குழந்தைக்கு ஊசி ஏற்ற வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் தங்கைக்கும் மெல்லிய நரம்பு. அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். ஒருமுறை அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அது தானாக வந்ததுதான். ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு வீட்டிலேயே சலைன் ஏற்றினேன். வறண்ட உதடு மெல்ல ஈரமானது. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆவேன்?" என்றாள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பெட்டி அடுக்கினாள். அவள் குடிக்கும் பாலில் பேதி மருந்து கலந்தேன். கொஞ்சம்தான். படுத்தாள், சலைன் ஏற்றினேன், எழுந்தாள். வேலை கைநழுவிப் போனது. அடுத்து ஒருவன் பெண் கேட்டு வந்தான். அப்போதும் படுத்தாள். சீக்காளிப் பெண் நமக்கெதற்கு என்று அவன் நழுவிக்கொண்டான். அவ்வளவுதான் அவன் பாசம்.

கடைசியில் என்னிடம் மூச்சு விடாமல் வேறு ஊரில் வீடு பார்த்து வைத்திருந்தாள். அன்று கொஞ்சம் கூடுதலாகக் கலந்தேன். குடித்து முடித்தவள், டம்ளரின் அடியில் கரையாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். கண்கள் குழிவிழுந்து, கெண்டைக்கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீ வேண்டாம்."

நான் கோபப்படவில்லை. ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. பாட்டிலை மாட்டினேன். குழாயை மட்டும் திறக்கவில்லை.

"போகமாட்டேன்னு சொல்லு, திறந்துவிடறேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாட்டிலுக்குள் புகுந்து வந்த வெயில் அவள் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. திறந்துவிட என் கட்டைவிரல் ஒன்று போதும். அவள் கை சில்லிட்ட பிறகும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

என்னை அடைத்து வைத்திருக்கும் இந்த அறையிலும் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். எதுவும் சொட்டுவதில்லை.

ஒரே ஒரு வார்த்தை, ஐயா. சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிடிவாதம்.