கார் மூச்சு விடுற இடம்

தோழர்களே, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஹைபிரிட் கார் கம்பெனிக்காரங்க நம்ம வத்தலக்குண்டு டாக்சி ஸ்டாண்டுக்கு வர்றாங்க. நம்ம நாப்பது டீசல் வண்டியையும் கொடுத்துட்டு அவங்க வண்டியை எடுத்துக்கணுமாம். உங்கள்ல பாதிப் பேர் ஏற்கெனவே தலையாட்டியாச்சு, எனக்குத் தெரியும். அதனால ஒரு டிரைவருக்கு நடந்ததை மட்டும் சொல்லிடுறேன்... சின்னக் கதைதான், டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

அவர் பேரு சவரிமுத்துன்னு வச்சுக்குங்க. கொடைக்கானல் மலையில இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டுனவர். எதையும் நம்ப மாட்டார். பெட்ரோல் பங்க்குல மீட்டர் சைபர்ல நிக்குதான்னு மூணு தடவை பார்க்குற ஆளு.

ஷோரூம்ல ஒரு பையன் அவர்கிட்ட விளக்குறான். பெட்ரோல் இன்ஜினும் இருக்கு, கரண்ட் மோட்டாரும் இருக்கு, சார்ஜ் போடவே வேண்டாம், பிரேக் பிடிச்சா அதுவே பேட்டரியில ஏறிக்கும்னு. இவர் அவனையே பார்க்குறார்.

"தம்பி, இருபத்தாறு வருஷமா பிரேக் பிடிச்சுத்தான் மலை இறங்குறேன். இதுவரைக்கும் எவ்வளவு கரண்டை ரோட்டுல கொட்டியிருப்பேன்?"

நம்பல. வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தார். டேங்க் வாய் வரைக்கும் பெட்ரோல் ஊத்தி, ஏழு பேரை ஏத்தி, ஏசி போட்டு மலை ஏத்திப் பார்த்தார். லிட்டருக்கு இருபத்தி மூணு கிலோமீட்டர்னு கம்பெனி சொல்லுது. ஏத்தத்துல பதினொண்ணுதான் வந்துச்சு. இறக்கத்துல பாதி தூரம் பெட்ரோலே குடிக்கல. ஊருக்குள்ள பத்தொன்பது. சொன்னது வரல... ஆனா அவரோட பழைய வண்டியை விட அதிகம். பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி. சரின்னு எடுத்தார்.

வண்டி கொடுக்குற அன்னைக்கு பூமாலை, டயருக்கடியில எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் உண்டு. கூடவே இலவசமா தடிமனா ஒரு சீட் கவர், அவங்களே மாட்டிக் கொடுத்தாங்க. நாம புது வண்டி எடுத்தா முதல் வேலையே சீட் கவர்தானே? மத்த எல்லாத்து மேலயும் சந்தேகப்பட்ட மனுஷன், சும்மா வந்த கவர் மேல மட்டும் சந்தேகப்படல.

ஒரு வருஷம் நல்லா ஓடுச்சு. மே மாசம், சீசன். காரைக்குடிக் குடும்பம் ஒண்ணு வண்டியில. மலை ஏறும்போது டம் டம் பாறைக்கிட்ட, பின் சீட்டுக்கு அடியிலருந்து ஏதோ ஃபேன் கத்துது. முன்னாடி சிவப்பு லைட்டு. வண்டி இழுக்கல... நின்னுபோச்சு. அந்தக் குடும்பத்தை பஸ்ல ஏத்தி விட்டுட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு திண்டுக்கல்ல வண்டி எடுத்த அதே இடத்துக்கு வந்தார்.

சர்வீஸ் மேனேஜர் பின் கதவைத் திறந்து காட்டுறார். சீட்டு ஓரத்துல உள்ளங்கை அளவு ஒரு சல்லடை. அது வழியாத்தான் பேட்டரிக்குக் காத்து போகணும். சீட் கவர் அதை அடைச்சுக்கிட்டு இருக்கு. ஒரு வருஷமா பேட்டரி வெந்து, கடைசியில செத்துப்போச்சு. காத்து வழியை அடைச்சா வாரண்டி கிடையாதாம். புத்தகத்துல இருக்காம். எந்தப் புத்தகம்? முந்நூறு பக்கம், முழுக்க இங்கிலீஷ்.

சவரிமுத்து சத்தம் போடல. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கவரை மாட்டுனது யாரு சார்?"

"எங்க ஆளுங்கதான். ஆனா அது ஆக்சசரீஸ் டிபார்ட்மென்ட் சார். நாங்க சர்வீஸ்."

கேட்டீங்களா? ஒரே கட்டடம், ஒரே போர்டு, ஒரே முதலாளி. லாபம் வரும்போது ஒரே குடும்பம். பொறுப்புன்னு வந்தா பங்காளிச் சண்டை.

பேட்டரி இல்லைன்னா வண்டி ஷெட்டுல. சீசன்ல வண்டி ஷெட்டுல நின்னா அந்த வருஷமே போச்சு. அது நமக்குத் தெரியும்... அந்த மேனேஜருக்கு எதுக்குத் தெரியணும்?

சவரிமுத்து நேரா ஷோரூமுக்குள்ள போனார். அங்க ஒரு டீச்சரம்மா குடும்பத்தோட புது வண்டி எடுக்க நிக்கிறாங்க. அதே வண்டி, அதே கவர். பின் கதவைத் திறந்தார்.

"அம்மா, இந்த இடத்துல கை வச்சுப் பாருங்க. காத்து போக வழி இருக்கா?"

அந்தம்மா தடவிப் பார்த்தாங்க. விவரத்தைக் கேட்டாங்க. அப்புறம் ஷோரூம் மேனேஜர்கிட்ட சொன்னாங்க: "இதைக் கழட்டுங்க. கழட்டினோம்னு எழுதிக் கொடுங்க. அதுக்கப்புறம் சாவியை வாங்கிக்கிறேன்."

உடனே சவரிமுத்துவை ஏசி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பத்தே நிமிஷம்... புது பேட்டரி இலவசம். எப்படி? காலையில இல்லாத வாரண்டி மதியம் எங்கருந்து வந்துச்சு? வாரண்டி இல்லையாம், கம்பெனியோட நல்லெண்ணமாம். அந்த நல்லெண்ணத்துக்கு ஒரு காகிதத்துல கையெழுத்து. இதைப் பத்தி யார்கிட்டயும் பேச மாட்டேன்னு.

போட்டாரா? போட்டார். நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் நிலைமையில நானும் போட்டிருப்பேன், நீங்களும் போட்டிருப்பீங்க. இதை எனக்குச் சொன்னது அவர் இல்ல, அந்த டீச்சரம்மா. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த இங்கிலீஷ் காகிதத்தை அவங்ககிட்டதான் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். ஆனா யோசிங்க... அவர் வாயை மூடினதுக்கு அப்புறம், அதே கவரோட எத்தனை வண்டி அதே மலையில ஏறிக்கிட்டு இருக்கும்?

நான் அந்த வண்டி கெட்டதுன்னு சொல்ல வரல. நல்லாத்தான் ஓடுது. ஹைபிரிட்தான் வருங்காலம்ங்கிறாங்க, இருக்கலாம். இன்னொருத்தர் வந்து, இல்ல, முழுக் கரண்ட் வண்டிதான் வருங்காலம்ங்கிறார். அதுவும் இருக்கலாம். யாரோட வருங்காலம்னு கேட்டா மட்டும் ரெண்டு பேரும் பேச்சை மாத்துறாங்க.

தனி ஆளாச் சந்தேகப்பட்டா வாயை அடைக்க அவங்களுக்கு ஒரு பேட்டரி போதும். நாப்பது பேர் சேர்ந்து சந்தேகப்பட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். அதனால நாளைக்கு ஒருத்தரும் பேனாவைத் தொடாதீங்க. வாரண்டி எதுக்கு உண்டு, எதுக்கு இல்ல, எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக்கிட்டு வரட்டும். நம்ம முன்னாடி நின்னு, அவங்க வாயால, சத்தமா வாசிக்கட்டும். முதல் கையெழுத்தை அவங்க போடட்டும்.

வாசிக்கும்போது எந்த வரியில வேகமாத் தாண்டிப் போறாங்கன்னு மட்டும் கவனிங்க... அங்கயே நிறுத்துங்க. அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்க.