மூன்று நாள் ஒழுகும்

புது மரத்தொட்டி முதல் மூன்று நாள் ஒழுகத்தான் செய்யும், இன்ஸ்பெக்டர் மேடம். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. மரம் தண்ணீரைக் குடித்து, உப்பி, தன் இடுக்கைத் தானே அடைத்துக்கொள்ளும். எங்கள் தொட்டியும் அப்படித்தான் ஒழுகியது, அப்படித்தான் நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை. அதை அனுப்பிய கம்பெனியை இதில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று தாளும் பேனாவும் தந்தீர்கள். எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஓர் இறக்குமதிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் எனக்கு அதுதான் வேலை. வெளிநாட்டு இயந்திரங்களோடு வரும் விளக்கப் புத்தகங்களை நம் மொழியில் எழுதித் தருவேன். தையல் இயந்திரம், காற்றடிக்கும் பம்பு, பல் டாக்டரின் நாற்காலி என்று எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒரு வரி கூட்டியதில்லை, ஒரு வரி குறைத்ததில்லை. எங்கள் மேலாளர் விழா மேடையில் அதைச் சொல்லி எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அந்தக் கடிகாரம் பின்னால் வரும்.

என் வீட்டுக்காரரை நீங்கள் பிணமாகத்தான் பார்த்தீர்கள். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீர் பம்பு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் சட்டப்புத்தகம். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு எழுந்திருப்பார். ஒரே ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும், "எழுத்துல இருக்கா?" என்பார். பால் திரிந்துபோய்விட்டது என்று நான் சொன்னால் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்ப்பார். தேதி முடியவில்லை என்றால் பால் திரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வீட்டில் முப்பத்தொரு வருஷம் அதுதான் கறி.

தொட்டியை வாங்கி அனுப்பியது எங்கள் மகள். ஒரே மகள். வேறு ஊரில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறாள். அப்பாவின் முழங்கால் வலிக்கு வெந்நீரில் உட்கார்ந்தால் நல்லது என்று எங்கோ படித்திருக்கிறாள். அவளுக்கு ஆறு வயதிலிருந்து காது கேட்காது. அதனால் அப்பாவும் மகளும் பேசுவதெல்லாம் எழுதித்தான். என்னிடம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், சாப்பிட வா, தூங்கப் போ என்ற அளவுக்கு. அவரோடு உட்கார்ந்தால் ஒரு நோட்டு தீர்ந்துவிடும். இரண்டு பேரும் எழுதி எழுதிச் சிரிப்பார்கள். நான் டீ கொண்டுபோய் வைப்பேன். அந்த நோட்டுகளை நான் எடுத்துப் படித்ததில்லை. படிக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கும்.

மூன்று பெட்டிகளில் வந்தது தொட்டி. அடிக்கட்டைகள், அடிப்பலகைகள், சுற்றி நிற்க முப்பத்தாறு நெட்டைப் பலகைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்க மூன்று இரும்பு வளையங்கள், ஒரு விறகு அடுப்பு, புகைபோக்கி. விளக்கப் புத்தகம் வெளிநாட்டு மொழியில் இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ எழுதிக் குடு. அன்னன்னிக்கு வேலைக்கு அன்னன்னிக்குப் பக்கம் போதும்."

என் வாய்க்கு இல்லாத மரியாதை என் கையெழுத்துக்கு இருந்தது.

கொல்லைப்புறத்துச் சிமென்ட் தரையில் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் மதில் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணே, கீழ் வளையத்த முதல்ல மாட்டிருங்க. இல்லன்னா பலகை சரியும்" என்றார்.

"எழுத்துல இருக்கா?"

"அனுபவத்துல இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் தலையை இழுத்துக்கொண்டார். அன்று பலகைகள் இரண்டு முறை சரிந்து விழுந்தன. குழாய்க்காரர் சொன்னது அடுத்த பக்கத்தில் அப்படியே இருந்தது. மறுநாள் நான் அதை எழுதிக் கொடுத்தேன், மாட்டினார், பலகைகள் நின்றன.

வெயிலில் வேலை செய்கிறார், தண்ணீர் குடிப்பதில்லை. பத்து முறை சொன்னேன். காதில் ஏறவில்லை. அதனால் நான்காவது பக்கத்தில் நானாக ஒரு வரி சேர்த்தேன். இந்த இடத்தில் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவும். ரப்பர் சுத்தியலைக் கீழே வைத்தார், நிழலில் உட்கார்ந்தார், ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்தார். சொம்பு காலியாகும்வரை நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது பக்கத்தில் இன்னொரு வரி. மட்டம் சரியாக இருக்கிறதா என்று உடன் இருப்பவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளவும். அவர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. சரியா இருக்கா, பாரு."

நான் குனிந்து ரசமட்டத்தைப் பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன். "சரியா இருக்குங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். அன்று துணி காயப்போடும்போது நான் பாட்டுப் பாடினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதோடு நின்றிருந்தால் அவர் இன்றைக்கும் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்துக்கொண்டிருப்பார்.

தொட்டி எழுந்து நின்றதும் தண்ணீர் நிரப்பினோம். எல்லா இடுக்கிலும் ஒழுகியது. தண்ணீர் ஓடிப்போய்க் குழாய்க்காரர் வீட்டு மதிலடியில் தேங்கியது. கீழ் வளையத்தை இன்னும் அரைத் திருகு இறுக்கலாமே என்றேன். அவர் என் தாளை எடுத்துக் காட்டினார்.

"மூணு நாள்னு எழுதியிருக்கு. பொறு."

அந்த வார்த்தைகளை அவர் வாயிலிருந்து அதே வரிசையில் நான் முன்பு ஒரு முறை கேட்டிருக்கிறேன். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால். மகளுக்குக் காய்ச்சல். மருந்துப் புட்டியோடு வந்த சீட்டில், மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டவும் என்று இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானமே அவளால் கழுத்தை வளைக்க முடியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து அழுதாள். இப்போதே தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவரிடம் சொன்னேன். சீட்டை விரித்துக் காட்டி, மூணு நாள்னு எழுதியிருக்கு, பொறு என்றார். நான் ஏன் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. பொறு என்றார், பொறுத்தேன்.

ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வராந்தாவில் நான் அவரைப் பார்த்தேன். அவர் சொன்னார், "நானா எதுவும் சொல்லலையே. எழுதியிருந்ததத்தானே சொன்னேன்."

அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறார். அலமாரியில் மேல் தட்டு, நீலக் கோப்பு. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். மகளுக்கு இது தெரியாது. காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது என்றுதான் இருவரும் சொல்லி வளர்த்தோம். இதை அவள் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும்.

மூன்றாம் நாள் காலையில் ஒழுக்கு நின்றது. அவர் பலகைகளைக் கையால் தடவி, ஈரமில்லாத உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாத்தியா? எழுத்து பொய் சொல்லாது."

அன்று மத்தியானம் கடைசிப் பக்கத்தை எழுதினேன். தொட்டியைப் பயன்படுத்தும் முறை. மூலத்தில் மூன்று எச்சரிக்கைகள் இருந்தன. ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அவர் ஆறு வருஷமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டாவது எச்சரிக்கையை விட்டுவிட்டேன். முதலாவதை, முழுப் பலன் கிடைக்க ஒரு தடவைக்கு ஐம்பது நிமிடம் உட்காரவும், இடையில் எழக் கூடாது என்று எழுதினேன். எண்ணில் எழுதியிருந்தால் கைப்பிழை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. அளவுகளை எழுத்தில் எழுதுவதுதான் என் வழக்கம்.

மூன்றாவதை அப்படியே எழுதினேன். அதன்படியே அருகில் இருந்தேன்.

என் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காரியத்துக்கு வந்த மகள்தான் சமையலறை அலமாரியில் இருந்த விளக்கப் புத்தகத்தையும் என் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த மொழி அவளுக்குத் தெரியாது. ஆனால் பதினைந்து என்ற எண் எல்லா மொழியிலும் பதினைந்துதான். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து, அம்மா, இது என்ன என்று எழுதி என் முன்னால் வைத்தாள். இருபத்தொரு வருஷத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் சீட்டு அது. மடித்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் உங்களிடம் தர மாட்டேன்.

இனி ஒரு திருத்தம். முதல் நாள் விசாரணையில், எழுந்து வாங்க என்று நான் பல தடவை சொன்னதாகவும் அவர் கேட்கவில்லை என்றும் சொன்னேன். குழாய்க்காரரும், "அவர் யார் சொல்லித்தான் கேட்டாரு" என்று உங்களிடம் சொன்னார். நீங்கள் நம்பினீர்கள். அது அப்படி நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. அடுப்பில் விறகு நன்றாகப் பிடித்திருந்தது. அவர் என் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எதிரே ஆணியில் மாட்டிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் முழங்கால் இதமாக இருக்கிறது என்றார். மகளுக்கு எழுத வேண்டும் என்றார். இருபதாவது நிமிடத்தில் பேச்சு குறைந்தது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு மாதிரியா வருது. எந்திரிச்சிடட்டுமா? நீ என்ன சொல்ற?"

எல்லாத் தாள்களையும் நீங்கள் திரும்பப் படித்துப் பார்க்கலாம், மேடம். அப்படிக் கேட்கச் சொல்லி நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அவராகவே கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார்.

"அம்பது நிமிஷம்னு எழுதியிருக்குங்க. பொறுங்க" என்றேன்.

சரி என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் வழுக்கி உள்ளே போனார். ஐம்பது ஆகும்வரை நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

நானாக எதுவும் சொல்லவில்லை. எழுதியிருந்ததைத்தான் சொன்னேன்.