ரோமாபுரிப் படிகள்

சோமனூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த சின்னவள் சொன்னாள்: “ஊருக்குப் புது மாதா கோயிலு வந்துருச்சுங்க்கா. எங்கம்மாளுக்குத்தான் கோயிலு போயிருச்சு.”

“ஏன் அம்மணி அப்படிச் சொல்லற?”

“பழைய ஓட்டுக் கோயில்ல அம்மா பாயில உக்காந்து பூசை பாக்கும். இப்ப மலையாட்டம் படிங்க. முழங்கால் தேஞ்சவங்க எப்படி ஏறுவாங்க?”

“ஓரமாச் சாய்வா ஒரு பாதை போடச் சொல்லறது?”

“கேட்டமுங்க. போட்டா முகப்பு அழகு கெட்டுப்போகுமாமா. ரோமாபுரியில இப்படித்தானாமா. கட்டடக் கமிட்டிக்காரரு சொல்லிப்போட்டாரு.”

“அவரு ரோமாபுரியப் பாத்தாராக்கும்?”

“பல்லடந்தாண்டிப் போனதில்லீங்க.”

எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

“அப்ப ஞாயித்துக்கெழம உங்கம்மா ஊட்லயா?”

“இல்லீங்க. படிக்குக் கீழ, செருப்புக் கழட்டற எடத்துல சேர் போட்டு உக்கார வெச்சுருவோம். சாமியாரு நற்கருணைய, ஆண்டவரோட ஒடம்புங்கற அந்த அப்பத்த, ஏந்திக்கிட்டு எறங்கி வந்து அம்மா நாக்குல வெக்கறாரு.”

பெரியவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“ஆண்டவரே எறங்கிச் செருப்புக்கிட்ட வந்துட்டாரு. அப்ப மேல ஆரு இருக்கறா அம்மணி? கமிட்டிக்காரரு மட்டுந்தானா?”