சந்தனம் பட்ட கார்டுகள்

— அறுநூறு பஞ்ச் கார்டுக்குமா பொட்டு வெச்சே, இசக்கி?

— ஆமா சார். முந்தாநேத்து ஆயுத பூசைல்லா? தாராவியில எங்க அண்ணன் பட்டறையில சுத்தியல், ரம்பம் ஒண்ணு விடாம வைப்போம். இந்தக் கம்ப்யூட்டர் ரூம்ல கார்டுதான எனக்கு ஆயுதம்? சந்தனத்தைக் கொழைச்சு, மேல குங்குமம்.

— ஈரத்துல எல்லாம் அப்பளமா உப்பிண்டிருக்கு. மெஷின்ல சொருகினா அங்கேயே சிக்கிக்கும். என் தலையெழுத்து!

— மன்னிச்சிருங்க சார். அனந்தநாராயணன் சார், உங்களுக்குச் சந்தோசமா இருக்கும்னுதான் நெனைச்சேன்.

— சந்தோஷமா! மில்லுல ஆஜர், ஷிஃப்ட், சர்வீஸ்னு அறுநூறு புரோகிராம் ஓடறது. ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிடும், அது வேற மூணைக் கூப்பிடும். இங்கே கை வெச்சா அங்கே எது இடியும்னு எவன் மண்டையில இருக்கு? எது எதைக் கூப்பிடறதுன்னு, புரோகிராமுக்கு ஒண்ணா, அந்தக் கார்டுல மட்டுந்தான்டா குத்தி வெச்சிருக்கு.

— நாலு மணிக்கு மேனேஜர் வரச் சொல்லிருக்காரு. சீட்டைக் கிழிச்சிருவாரா சார்? எம் பொண்டாட்டி ஆறுமுகத்தாய்க்கு இது ஏழாம் மாசம்.

— கண்ணைத் தொடை. போன சனிக்கிழமை ஒரு அவசர வேலைக்காக அத்தனை கார்டையும் ஓட்டி, லிஸ்ட்டா அச்சடிச்சு வெச்சிருக்கேன். அதைப் பாத்துப் புதுசா குத்திண்டா நாலு நாள்ல முடிஞ்சுது. மேனேஜர்கிட்ட நான் பேசறேன்.

— சார்... அந்த லிஸ்ட்டைப் பாத்துக் குத்தாதீங்க.

— ஏன்?

— அது தப்பு சார். ஆடி மாசத்துலருந்து ஒரு கார்டுகூட மாத்தல.

— புரோகிராம் மாறினா கார்டும் மாத்தியாச்சுன்னு ரெஜிஸ்டர்ல டிக் இருக்கேடா! வாராவாரம் பாக்கறேனே!

— நாந்தான் போட்டேன். நைட் ஷிஃப்ட்டு ஆளுவ புரோகிராமை இஷ்டத்துக்கு மாத்துதானுவ. புதுக் கார்டு கேட்டா ‘சல், ஜா ரே’ன்னு வெரட்டுதானுவ. டிக் இல்லைன்னா நீங்க என்னையத்தான கேப்பீங்க? டெம்பரவரி ஆளு சார் நான், பயந்துட்டேன்.

— அடப் பாவி.

— இப்பவாவது சொல்லிட்டேன்லா சார்? ஒவ்வொருத்தன் கால்லயும் விழுந்து கேட்டு, எல்லாக் கார்டையும் சரி பண்ணிருதேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்லா?

— அந்த லிஸ்ட்டை நம்பித்தான்டா பதினோரு புரோகிராமைத் திருத்தி, வேலையை விட்டு எடுக்கற முன்னூத்திப் பத்துப் பேரை மெஷின்ல பொறுக்கினேன். காலம்பற மில் கேட்ல பேரை ஒட்டிட்டா.