திருப்பிப் போட்ட அட்டை

காலை மின்சார ரயில் தாம்பரத்தை விட்டதும் எனக்கு எதிரே இருந்த பெண் சொன்னாள்: "நான் ரெண்டு அட்டை எடுத்துட்டேன்க்கா. அதான் எங்க வீட்டுக்காரர் போயிட்டார்."

அவள் பக்கத்தில் மடியில் பைபிளோடு இருந்த அக்கா, "எந்த அட்டை?" என்றாள்.

"நம்ம சர்ச் புது வருஷ ஆராதனையில, இந்த வருஷத்துக்கு ஆளுக்கு ஒண்ணு எடுங்கன்னு தட்டுல வாக்குத்தத்த வசன அட்டை வெச்சாங்களே. முதல்ல துக்கப்படுறவங்களுக்கு ஆறுதல்னு வந்துச்சு. பயந்து தட்டுலயே திருப்பிப் போட்டுட்டு வேற எடுத்தேன். நீண்ட ஆயுசுன்னு இருந்துச்சு. ஜூன்ல அவருக்கு ஹார்ட் அட்டாக்."

"அது கர்த்தர் குறிச்ச நாள். அட்டைய மாத்தினா மாறிடுமா?"

"அப்ப நான் மாத்தினதும் கர்த்தர் குறிச்சதுதானா? இல்ல, அது மட்டும் என் இஷ்டமா?"

குரோம்பேட்டை வந்ததும் அக்கா பைபிளைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. அன்னிக்கு வரிசையில உனக்குப் பின்னாடி நின்னது நான்தான். தட்டுல மேல கிடந்தத எடுத்தேன். துக்கப்படுறவங்களுக்கு ஆறுதல்னு இருந்துச்சு. எங்க வீட்ல ஒரு துக்கமும் வரல. யாருக்குன்னு தெரியாமயே தினம் ஜெபத்துல வாசிச்சேன்."

அட்டையை நீட்டினாள். "கட்டாயமில்ல. இஷ்டம்னா எடுத்துக்கோ."

பல்லாவரம் தாண்டியும் அந்தப் பெண் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நீட்டிய கையை இறக்கவில்லை.