பதில் வரும் வரை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் கோயிலில் கல்யாண ஓலை முதல் கல்லறைச் சிலுவை வரை நாற்பது வருடமாக நான் எழுதியதுதான். அதனால், இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று தாளை நீட்டினீர்களே, அதில் எனக்கு வருத்தமில்லை. பேனாவும் நல்லதாகவே கொடுத்திருக்கிறீர்கள்.

நான் உபதேசியார். சாமியார்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், நான் மாறமாட்டேன். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டில் ஜெபமாலை சொல்வது, ஜனங்களின் மனுவை ஆயர் இல்லத்துக்கு எடுத்துப்போவது எல்லாம் என் வேலை.

நேற்று ஒன்று கேட்டீர்கள். இந்தச் சாமியாரை ஒருவருக்கும் பிடிக்கவில்லையே, அப்புறம் ஏன் அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள் என்று. அவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்பன் கல்லறை அங்கே இருக்கிறது, மாதா தேரை வேறு எங்கே போய் இழுப்பது, சாமியாருக்காகவா கோயிலுக்குப் போகிறோம் என்பார்கள். அதெல்லாம் பேச்சுக்கு. அவர்கள் இருந்தது என்னால்.

நாலு வருடத்துக்கு முன்னால், சாமியார் வந்த புதிதில், பிரசங்கத்தில் தெய்வசிகாமணியின் பெயரைச் சொல்லி அவன் பெண் ஓடிப்போன கதையை எல்லோர் முன்னாலும் இழுத்தார். அந்த வாரமே இருபது குடும்பம் எங்கள் கோயிலை விட்டு, அரியாங்குப்பத்தில் வேறு சபையாரின் ஜெபவீட்டுக்குப் போவதாக இருந்தது. போவதற்கு முன் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று, சாமியாரை மாற்றச் சொல்லி மனு எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடற்கரையில் உட்கார்ந்துவிட்டேன். முடியாது என்று ஆயர் சொல்லிவிட்டால் இருபது குடும்பமும் போய்விடும். போனால் எங்கள் கோயிலைப் பக்கத்துக் கோயிலோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே ஓர் உபதேசியார் இருக்கிறார். சாயங்காலம் வரை யோசித்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்கு வந்தார்கள். கோபமாகத்தான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். தெய்வசிகாமணி முதல் வரிசையில் உட்கார்ந்தான். பதிலுக்குக் காத்திருக்கிறவன் எங்கும் போவதில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வரவேண்டுமே. ஆயர் இல்லத்துப் பழைய கடிதம் ஒன்றின் தலைப்பைக் காட்டி ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அடித்து வாங்கினேன். ‘உங்கள் வேதனையை அறிவோம். விசாரித்து வருகிறோம். பொறுமையோடு ஜெபியுங்கள்.’ கோயில் வாசலில் நானே வாசித்துக் காட்டினேன். சில பெண்கள் அழுதார்கள். பிறகு மேலும் பத்து மனு வந்தது. பூசை உடுப்பு வைக்கும் பீரோவில், மெழுகுவர்த்திப் பெட்டிக்கு அடியில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுக்காவது மனம் நோகும்படி பதில் போட்டதில்லை.

குஞ்சம்மாளுடையது பன்னிரண்டாவது. தையல் கம்பெனிக்குப் போகிறவள், புருஷன் இல்லை. ஒரே பெண் சுடர்விழிக்கு ஒன்பது வயது. புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்குவதற்காக ஞாயிறுதோறும் என் வகுப்புக்கு வருவாள். வகுப்பு நடப்பது சாமியார் பங்களாவுக்குப் பின்னால், பிரெஞ்சுக்காரன் காலத்து அறை ஒன்றில். போன மழைக்கு உத்தரம் உளுத்து, மேலிருந்து சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருந்தது. குஞ்சம்மாள் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். நூறு வருடம் நின்ற கூரை உன் பெண்ணுக்காகவா விழப்போகிறது என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேரே என்னிடம் வந்தாள். “அவருகிட்ட பேசி புண்ணியமில்ல உபதேசியாரே. எழுதினு வந்திருக்கேன், பிஷப்பு கையில குடுத்துடுங்க. ஒரு வழி தெரியற வரைக்கும் பாப்பாவ அனுப்ப மாட்டேன். இல்லாட்டி வேற கோயிலு பாத்துக்கறேன்.”

இரண்டு ஞாயிறு அனுப்பவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நாலு தாய்மார்கள் நிறுத்திவிட்டார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்த வகுப்பில் இருபத்தேழு. காலி இடங்களை வாராவாரம் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முறை மூன்று மாதம் காத்திருக்கவில்லை. ‘பொறியாளர் பார்வையிட்டுவிட்டார். ஆபத்தில்லை. அடுத்த மாதம் வேலை தொடங்கும். பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள்.’ அவள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்றாம் ஞாயிறு சுடர்விழி வந்தாள், மற்ற நாலு பேரும் வந்தார்கள்.

உத்தரம் உளுத்தது எனக்குத் தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். அதற்கு முந்தின மாதமே என் மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது.

கூரை இறங்கியபோது பிள்ளைகள் பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கு அடி. சுடர்விழி மட்டும் போய்விட்டாள். சிலுவையில் அவள் பெயரை நான்தான் எழுதினேன், கூலி வாங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசையை அதே சாமியார்தான் வைத்தார். கோயில் நிறைந்திருந்தது. ஒரு குடும்பம்கூடக் குறையவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பூசை முடிந்ததும் குஞ்சம்மாள் நாலாக மடித்த தாளை என் கையில் வைத்தாள்.

“பாப்பா எதுக்கு செத்துதுன்னு கேட்டு எழுதியிருக்கேன். அந்த ஆளு மூஞ்சியில முழிக்கவே புடிக்கல. ஆனா பதில் வர்ற வரைக்கும் இந்தக் கோயில வுட்டு நான் போவ மாட்டேன்.”

மறுநாள் கூரை விழுந்ததை விசாரிக்க ஆயர் இல்லத்திலிருந்து வந்தவர்கள், தங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லையே என்றார்கள். அதற்கடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

மனுக்களை மறைத்தவன் நான். பொய்ப் பதில் எழுதியவன் நான். அந்தக் குழந்தையை அந்த உத்தரத்துக்கு அடியில் கொண்டுவந்து உட்கார வைத்தவனும் நான்தான். இதில் அடித்தல் திருத்தல் இல்லை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். குஞ்சம்மாளுக்கு எழுதிய பதில் பாதியில் நிற்கிறது. ஆறுதலாகத்தான் தொடங்கியிருக்கிறேன். இன்னொரு தாள் கொடுத்தால் முடித்துவிடுவேன். பாவம், அவள் காத்துக்கொண்டிருப்பாள்.